ஒல்லாந்தரின் நீர்மூழ்கிகளும் கடலடி அறிவும்

ஒல்லாந்தர் என்றவுடன் தமிழராகிய நமக்கு நினைவுக்கு வருவன பழவேற்காடும் நாகப்பட்டினமும் ஆகும். 1613-இல் பழவேற்காட்டில் அவர்தம் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. 1658-இல் நாகப்பட்டினம் போர்த்துக்கீசியரிடமிருந்து அவர்கள் கைக்கு மாறியது. 1690-இல் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமும் ஆயிற்று. 1781-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். நம் பள்ளிப் பாடநூல்களில் ஒல்லாந்தர் வரலாறு பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் அவர்கள் கதை கிழக்குக் கடலில் பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சிறு நாட்டின் கடற்படை சில நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டியது. போருக்கெனக் கட்டிய அக்கலங்கள் உலகுக்கு அளித்த பெருங்கொடை போர்க்களத்தில் விளைந்ததன்று, அறிவுக்களத்தில் விளைந்தது. அக்கொடை நம் கரையோடும் தொடர்புடையது. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

சிறு நாடும் பெருங்கடலும்

நெதர்லாந்து பரப்பில் தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவானது. ஆயினும் சுமத்திரா முதல் நியூகினி வரை பரந்து கிடந்த தீவுக்கூட்டம் அதன் ஆட்சியில் இருந்தது. தன்னினும் பன்மடங்கு பெரிய நிலத்தையும், அதனைச் சூழ்ந்த கடலையும் ஒரு சிறு நாடு எவ்வாறு காக்கும்? பெரும் போர்க்கப்பல்கள் கட்டப் பொருள் வேண்டும்; ஆள் வேண்டும். இரண்டும் அதனிடம் போதிய அளவில் இல்லை. குறைந்த செலவில், குறைந்த ஆட்களைக் கொண்டு, வலிய பகைவனையும் அஞ்சவைக்கும் கலம் எது என்று தேடியவர்களுக்கு விடையாக அமைந்தது நீர்மூழ்கி.

முதற்கலத்தின் கதையே சுவையானது. அதனைக் கட்டுமாறு கடற்படை ஆணையிடவில்லை. விளிசிங்கன் நகரத்துத் தெ ஸ்கெல்டே கப்பல் கட்டும் நிறுவனம் தன் சொந்தப் பொறுப்பிலேயே அதனைத் தொடங்கியது. அமெரிக்கரான ஹாலந்து என்பவரின் வரைவைத் தழுவி, 20 மீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளத்தில் உருவான அக்கலம் 1905-ஆம் ஆண்டு நீரில் இறங்கியது. அந்நகரம் அமைந்த சீலாந்து மாநிலத்தின் இலச்சினைத் தொடரே அதற்குப் பெயராக இடப்பட்டது. ‘லுக்தோர் எத் எமெர்கோ’ என்னும் அவ்விலத்தீன் தொடருக்குப் ‘போராடுகிறேன், மேலெழுகிறேன்’ என்பது பொருள். கடலோடு பொருது நிலம் மீட்ட மக்கள் தமக்குரிய குறிக்கோளாய்க் கொண்ட தொடர், மூழ்கி எழும் கலத்திற்கும் முற்றும் பொருந்தியது. ஆய்வோட்டங்களுக்குப் பின் 1906 இறுதியில் கடற்படை அதனை ஏற்று, ‘ஓ 1’ எனப் பெயர் மாற்றியது.

இவ்வெழுத்துக்களிலும் ஒரு வரலாறு உண்டு. தாய்நாட்டுக் கடலைக் காக்கும் நீர்மூழ்கிகளுக்கு ஓ என்பது அடையாளம். அது டச்சு மொழியில் ‘கடலடிப் படகு’ எனப் பொருள்படும் சொல்லின் முதலெழுத்து. கீழைத் தீவுகளுக்கென்று கட்டியவற்றுக்குக் கே என்பது அடையாளம். அது ‘குடியேற்ற நாடுகள்’ என்னும் சொல்லின் முதலெழுத்து. முன்னவற்றுக்குக் கடற்படை அமைச்சகம் பணம் தந்தது. பின்னவற்றுக்குக் குடியேற்ற நாடுகள் அமைச்சகம் பணம் தந்தது. அவ்வரிசையில் முதலாவதான கே 1 கடற்படையில் சேர்ந்தது 1914-இல் ஆகும்.

அவ்வாண்டு மூண்ட முதல் உலகப் போரில் நெதர்லாந்து எப்பக்கமும் சேராமல் நடுநிலை காத்தது. ஆனால் போர் அதன் கரையில் வந்து மோதாமல் இல்லை. 1915 நவம்பரில் செருமானியரின் யூ.சி. 8 என்னும் நீர்மூழ்கி டெர்ஸ்கெல்லிங் தீவருகே தரை தட்டியது. 1916 சனவரியில் ஆங்கிலேயரின் எச் 6 ஸ்கீர்மொனிகோக் தீவருகே அவ்வாறே சிக்கியது. நடுநிலை நாட்டின் முறைப்படி இரண்டையும் தடுத்து வைத்த ஒல்லாந்தர், பின்னர் உரியவர்களுக்கு விலை கொடுத்து இரண்டையும் வாங்கித் தம் படையில் சேர்த்துக்கொண்டனர். தம்முள் பகைத்து நின்ற இரு வல்லரசுகளின் கலங்கள் ஒரே கொடியின்கீழ் அருகருகே நின்றன. பிறர் கலங்களைப் பிரித்துப் பார்த்துக் கற்கும் வாய்ப்பும் அந்நாட்டுப் பொறியாளர்க்குக் கிட்டியது.

ஊசலும் அலையும்

இனி அறிவுக்களத்திற்கு வருவோம். பொருள்களை நிலம் தன்பால் ஈர்க்கும் வலிமை எங்கும் ஒரே அளவினதன்று. அடியிலுள்ள பாறை செறிவுடையதாயின் ஈர்ப்புச் சற்று மிகும். செறிவு குறைந்ததாயின் சற்றுக் குறையும். ஆகவே ஈர்ப்பை நுட்பமாய் அளந்தால், தோண்டிப் பார்க்க முடியாத ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒருவாறு உய்த்துணரலாம். அதற்குரிய கருவி ஊசல். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் ஊசல் விரைந்தாடும். குறைந்த இடத்தில் மெல்ல ஆடும். நம் சென்னை வானாய்வகத்திலேயே 1821-இல் கோல்டிங்காம் இத்தகைய ஊசல் ஆய்வை நடத்தியுள்ளார்.

ஆனால் இவையெல்லாம் நிலத்தில் நடந்தவை. உலகப் பரப்பில் பத்தில் ஏழு பங்கு கடல். ஆடும் கப்பலில் ஊசலை வைத்து அளப்பது எவ்வாறு? ஈர்ப்பு பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாறினால், அரைமணி நேரத்தில் ஊசல் காட்டும் வேறுபாடு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அலையோ அதனைப் போல் பல்லாயிரம் மடங்கு வலிமையோடு கருவியைக் குலுக்கும். எனவே கடலின் ஈர்ப்பு வரைபடம் ஏறக்குறைய வெறுந்தாளாகவே இருந்தது.

இவ்வெறுந்தாளை நிரப்பியவர் பெலிக்ஸ் ஆன்றீஸ் வேனிங் மைனெஸ் என்னும் ஒல்லாந்து அறிஞர். 1887-இல் பிறந்த இவர், டெல்ஃப்டில் பொறியியல் கற்றவர். தம் நாட்டில் ஈர்ப்பளவை செய்யும் பணி இவரிடம் வந்தது. அங்கும் ஒரு தொல்லை இருந்தது. நெதர்லாந்தின் நிலம் சேறும் மணலும் கலந்த மெல்லிய நிலம். ஆகையால் ஊசலைத் தாங்கும் தளம் ஓயாது நடுங்கிக்கொண்டிருந்தது. இதற்கு அவர் கண்ட வழி எளிது, ஆழமானது. ஒரே தளத்தில், ஒத்த இரண்டு ஊசல்களை ஆடவிட்டால், தளத்தின் நடுக்கம் இரண்டையும் ஒரே வகையில் தாக்கும். ஒன்றின் ஆட்டத்திலிருந்து மற்றதன் ஆட்டத்தைக் கழித்துவிட்டால், இரண்டுக்கும் பொதுவான நடுக்கம் நீங்கிவிடும். ஈர்ப்பின் விளைவு மட்டும் எஞ்சும்.

நடுங்கும் நிலத்துக்குக் கண்ட மருந்து நடுங்கும் கடலுக்கும் ஆகாதா? ஆகும், ஆனால் மேற்பரப்பு அலையின் முழு வலிமையை அதனால் தாங்க இயலாது. அப்போதுதான் அரசுச் சுரங்கங்களைச் சேர்ந்த வான் இட்டர்சன் என்னும் பொறியாளர், நீர்மூழ்கியைப் பயன்படுத்தலாமே என்றார். அலை என்பது கடலின் மேற்பரப்பு நிகழ்ச்சி. கீழே செல்லச் செல்ல அதன் வலிமை விரைந்து தேய்கிறது. சில பத்து மீட்டர் ஆழத்தில், ஊசல் ஆடுவதற்கேற்ற அமைதி உண்டு. கடற்படையும் இதற்கு இசைந்தது.

1923-ஆம் ஆண்டுப் பயணம்

1923 செப்டம்பரில் கே 2 உள்ளிட்ட மூன்று நீர்மூழ்கிகள் ஒரு துணைக்கப்பலுடன் டென் ஹெல்டர் துறைமுகத்திலிருந்து சாவகம் நோக்கிப் புறப்பட்டன. கே 2-இல் ஏறிக்கொண்டார் வேனிங் மைனெஸ். அவர் மிக உயரமான மனிதர். நீர்மூழ்கியின் உட்புறமோ கடற்படையாளரே குனிந்து செல்ல வேண்டிய இடம். ஆயினும் அந்நெருக்கத்திலேயே அவர் பல திங்கள் வாழ்ந்தார்.

அளவை நடக்கும் வகை இது. குறித்த இடம் வந்ததும் கலம் மூழ்கும். எந்திர ஓசை அடங்கி, மின்கலங்களின் ஆற்றலால் மெல்லச் செல்லும். கலம் சாயாமலிருக்க, ஆட்கள் தத்தம் இடத்தில் அசையாது இருத்தல் வேண்டும். ஊசல்களில் பதித்த சிறு கண்ணாடிகளில் ஒளிக்கற்றை பட்டுத் தெறித்து, நகரும் ஒளிப்படத் தாளில் கோடுகளாய்ப் பதியும். அக்கோடுகளின் மீதே நுண்கடிகாரத்தின் குறிகளும் விழும். கடிகாரத்தின் பிழையை வானொலி வழி வரும் நேரக் குறிப்பால் திருத்துவர்.

இன்னுமொரு நுட்பமும் உண்டு. புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கலமும் கிழக்கு நோக்கிச் சென்றால், அதன் எடை சற்றுக் குறைந்தாற்போல் தோன்றும். நிலநடுக்கோட்டருகே மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தைத் தவறாகக் கணித்தாலே, ஈர்ப்பளவில் பத்து இலட்சத்தில் ஏழெட்டுப் பங்கு பிழை நேரும். எனவே நீரோட்டத்தின் போக்கையும் கலத்தின் வேகத்தையும் ஐயமின்றி அறிதல் வேண்டும். இங்குக் கப்பலோட்டியின் திறமையும் அறிஞரின் திறமையும் ஒன்றுக்கொன்று துணையாயின.

இக்கலங்கள் சூயசுக் கால்வாயையும் ஏடனையும் கடந்து, கொழும்பு வழியாகச் சென்று, அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் சாவகம் அடைந்தன. அவை கடலில் இருந்தபோதே தாய்நாட்டில் ஒரு பெரும் வழக்கு நடந்தது. கீழைக் கடலுக்கெனப் புதிய கடற்படை ஒன்றை எழுப்பும் சட்ட வரைவு நாடாளுமன்றத்தின் முன் வந்தது. வறுமை மிகுந்த நாளில் போர்க்கலங்களுக்கு இத்துணைப் பொருளா என்று கேட்டுப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். 1923 அக்டோபர் 26-ஆம் நாள் அவ்வரைவு 49-க்கு 50 என்னும் வாக்கு வேறுபாட்டில், ஒரே வாக்கினால் தோற்றது. போர்க்கலம் வேண்டுமா என்று நாடு வழக்காடிக்கொண்டிருந்த அதே திங்களில், ஒரு போர்க்கலம் கடலின் அடியை அளந்துகொண்டிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடலடியில் கண்ட பள்ளம்

முதற்பயணம் தந்த பட்டறிவைக் கொண்டு வேனிங் மைனெஸ் புதிய கருவி ஒன்றை அமைத்தார். ‘பொற்கன்று’ என்னும் செல்லப்பெயர் அதற்கு ஏற்பட்டது. 1926-இல் கே 13 என்னும் கலத்தில் ஏறிப் பனாமாக் கால்வாய், சான் பிரான்சிஸ்கோ, ஹொனலூலு, மணிலா வழியாகச் சாவகத்துச் சுரபாயா வரை அளந்துகொண்டே சென்றார். 1929, 1930 ஆண்டுகளில் அதே கலத்தில் கீழைத் தீவுகளின் கடல்களைக் குறுக்கும் நெடுக்குமாய் ஆராய்ந்தார். 1934 நவம்பரில் கே 18-இல் புறப்பட்டுத் தென்னமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, மொரீசியசு, மேற்கு ஆத்திரேலியா எனச் சுற்றி 1935 சூலையில் சுரபாயா சேர்ந்தார்.

இவ்வளவைகளால் வெளிப்பட்ட பேருண்மை யாது? சுமத்திராவின் மேற்குக் கரைக்கப்பால் சிமலூ, நியாசு, மெந்தாவை தீவுகளைத் தொட்டு, சாவகத்தின் தெற்கே சென்று, வளைந்து வடக்கே திரும்பும் ஒரு நெடிய பட்டையில் ஈர்ப்பு மிகவும் குறைந்திருந்தது. அப்பட்டையின் அகலம் ஏறத்தாழ 100 முதல் 200 கிலோமீட்டர். நீளமோ பல்லாயிரம் கிலோமீட்டர். அருகிலேயே ஆழ்கடல் அகழி, மறுபுறம் எரிமலை வரிசை, எங்கும் நிலநடுக்கம். இவையனைத்தும் ஒரே வளைவில் அமைந்திருப்பது தற்செயலாகாது என அவர் தெளிந்தார்.

இயற்கை தன் சமநிலையை நாடுவது. இலேசான பாறை நீரில் மிதக்கும் கட்டையைப் போல் மேலெழ வேண்டும். இங்கு அது மேலெழவில்லை எனின், ஏதோ ஒரு விசை அதனை அழுத்தி வைத்திருக்கிறது என்பதே பொருள். பக்கவாட்டு நெருக்கத்தால் புவியோடு கீழ்நோக்கி மடிந்திருக்கிறது என்று வேனிங் மைனெஸ் விளக்கம் கூறினார். மடிப்பு என்னும் அவ்விளக்கம் பின்னர் நிலைக்கவில்லை. 1960-களில் உருவான புவித்தட்டுக் கொள்கை, அங்கே ஒரு தட்டு மற்றொன்றின்கீழ் புகுந்து அமிழ்கிறது என்று காட்டியது. விளக்கம் மாறிற்று, அளவை மாறவில்லை. அக்கொள்கைக்கு அடியிட்டோருள் ஒருவரான அமெரிக்க அறிஞர் ஹெஸ், 1930-களின் தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவுக் கடலில் இவரோடு நீர்மூழ்கியில் அமர்ந்து அளந்தவரே ஆவார்.

நமக்கு அண்மையிலும் இவ்வளவைகள் ஒரு புதுமையைக் காட்டின. குமரிக்குத் தெற்கே இந்துமாக்கடலில் ஈர்ப்பு குறைந்த பெரும்பரப்பு ஒன்று உள்ளது. அங்கே கடல்மட்டம், கணித முறையில் எதிர்பார்க்கும் மட்டத்தைவிட ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்து நிற்கிறது. உலகில் இத்தகைய தாழ்வுகளுள் இதுவே மிகப் பெரிது. 1923-ஆம் ஆண்டுப் பயணம் முதலாகச் சேர்ந்த அளவைகளைக் கொண்டு இதனை முதன்முதல் உணர்த்தியவரும் வேனிங் மைனெசே. இதன் காரணத்தை ஆராய்ந்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 2023-இல் ஒரு விளக்கம் வெளியிட்டனர். கடலடியில் மிக ஆழத்திலிருந்து எழும் வெப்பமிகு இலேசான பாறைக்குழம்பே காரணமாகலாம் என்பது அவர்தம் கருத்து. நூறாண்டுக்கு முன் எழுந்த வினாவுக்கு இன்றும் விடை தேடி வருகின்றனர்.

கலங்களின் முடிவு

இக்கலங்களைப் போற்றும்போது ஒன்றை மறத்தலாகாது. அவை ஓர் ஆதிக்கத்தின் கருவிகள். கே என்னும் எழுத்தே அதற்குச் சான்று. 1933 பிப்ரவரியில் ஊதியக் குறைப்பை எதிர்த்து, ‘ஏழு மாநிலங்கள்’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட போர்க்கப்பலில் இந்தோனேசிய மாலுமிகளும் ஒல்லாந்து மாலுமிகளும் கூடிக் கிளர்ந்தனர். அச்சே கரையில் தொடங்கிய அக்கிளர்ச்சி, வானூர்தியிலிருந்து வீசிய குண்டினால் 23 உயிர்களைப் பலிகொண்டு ஒடுங்கியது. அறிவை வளர்த்த அதே கடற்படையின் மற்றொரு முகம் அது.

எதற்கெனக் கட்டினரோ அந்தப் போரும் வந்தது. 1941 டிசம்பர் 24-ஆம் நாள் போர்னியோவின் கூச்சிங் அருகே கே 16 சப்பானியரின் சகிரி என்னும் நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தது. மறுநாளே சப்பானிய நீர்மூழ்கி ஒன்றினால் தானும் தாக்குண்டு, தன்னிலிருந்த 36 பேருடன் கடலடி சேர்ந்தது. 1923-இல் கே 2-உடன் வந்த கே 7, 1942 பிப்ரவரியில் சுரபாயாத் துறைமுகத்தில் குண்டு வீச்சுக்கு இரையாயிற்று. உலகைச் சுற்றி அளந்த கே 13, கே 18 ஆகிய இரண்டையும், பகைவர் கையில் சிக்கலாகாதென்று 1942 மார்ச்சில் ஒல்லாந்தர் தாமே அத்துறைமுகத்தில் அழித்தனர். தீவுகள் சப்பானியர் வசமாயின; போருக்குப் பின் அவை இந்தோனேசியக் குடியரசாய் எழுந்தன. காவலுக்கென்று கட்டிய கலங்களால் அக்காவல் நிறைவேறவில்லை. வேனிங் மைனெஸ் அப்போரின்போது தம் நாட்டில் செருமானியரை எதிர்த்த மறைவியக்கத்தில் பங்குகொண்டார், போருக்குப் பின் அரச வானிலைக் கழகத்தின் தலைவராய் விளங்கினார், 1966-இல் மறைந்தார்.

கரை சேராத அறிவு

2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை, சிமலூ தீவருகே கடலடித் தரை பிளந்தது. ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் நீளத்திற்குப் பிளவு ஓடிற்று. வேனிங் மைனெஸ் வரைபடத்தில் ஈர்ப்புக் குறைந்த பட்டையாகக் கண்ட அதே விளிம்பே அங்கு உடைந்தது. எழுந்த ஆழிப்பேரலை இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் கடலைக் கடந்து வந்தே நம் கரையைத் தாக்கியது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8000 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். ஊரைவிட்டு வந்து வடபுலத்து நகரங்களில் வாழும் நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அன்று உறவினரின் செய்தி தெரியாமல் தவித்தன.

நிலநடுக்கம் எந்நாளில் வரும் என்று எந்த ஊசலும் சொல்லாது. ஆனால் எவ்விடம் நெருக்குண்டு கிடக்கிறது என்பதை ஊசல் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே சொல்லியிருந்தது. அலை வந்து சேர இரண்டு மணி நேரமும் இருந்தது. இல்லாதது, அறிந்தவர்க்கும் கரையில் நின்ற மீனவர்க்கும் இடையே ஒரு பாலம். இந்துமாக்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு அன்று இருந்ததில்லை. 2007-இல்தான் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கியது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது இதுவே. சிறு நாடாயினும் ஊக்கமுடையோர் உலகளாவிய பணி செய்ய இயலும் என்பது ஒன்று. போர்க்கருவியும் நல்லறிவுக்குக் கருவியாகலாம் என்பது இரண்டு. இவ்விரண்டினும் பெரிது மூன்றாவது: கடலடியில் மூழ்கிப் பெற்ற அறிவு நூலகத்தில் நின்றுவிட்டால் பயனில்லை. அது கரைக்கு வர வேண்டும். கரையில் வாழ்வோர் செவியில் விழ வேண்டும். நம் இல்லங்களில் வளரும் சிறுவர் சிறுமியருள் புவியியலும் கடலியலும் கற்கப் புகுவோர், தாம் கற்பதை நாகையிலும் கடலூரிலும் குமரியிலும் வலை உலர்த்துவோர்க்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்வார்களாயின், அப்பாலத்தின் ஒரு கல்லேனும் நம் கையால் வைத்ததாக இருக்கும்.